திருவட்டாறு அருகே கால்நடை மருத்துவச் சேர்க்கைக்கான வார இறுதி வகுப்பு: ஒரு தந்தையின் மதிப்பீடு

என் மகள் நாகர்கோவிலில் இளம் அறிவியல் விலங்கியல் முதலாம் ஆண்டு படித்த காலத்தில், திங்கள் முதல் வெள்ளி வரை கல்லூரிக்கும், சனி ஞாயிறு இரண்டு நாளும் திருவட்டாறுக்கு அப்பால் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் தம் வீட்டில் நடத்தும் வகுப்புக்கும் போய் வந்தாள். ஆகஸ்டில் தொடங்கி அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை ஒன்பது மாதம் நடந்த அந்த வகுப்பைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அங்கே பெயர்ப் பலகை கிடையாது, விளம்பரமும் கிடையாது. தம் பெயரை எழுத வேண்டாம் என்று மருத்துவர் கேட்டுக்கொண்டதால் நானும் அதைக் குறிப்பிடவில்லை. அந்த வட்டாரத்தில் எந்தப் பால் சங்கத்தில் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள். தக்கலை அருகே ஒரு பால் உற்பத்தியாளர் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன் என்பதால் எனக்கும் அப்படித்தான் தெரிய வந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால்தான் இந்த வகுப்பின் அருமை விளங்கும். ப்ளஸ் டூ படிக்கும்போதே மகளை ஒரு பெரிய நீட் பயிற்சி நிலையத்தில் சேர்த்திருந்தோம். 68,000 ரூபாய் கட்டினோம். கால்நடை மருத்துவம் படிக்க விரும்புகிறாள் என்று சேர்க்கையின்போதே நான் சொன்னபோது, அங்கிருந்தவர் எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டால் அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் சொன்னார். ஆண்டு முழுவதும் அவர்கள் நடந்துகொண்டதும் அப்படியே. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவத்துக்கான மாநில இடங்களுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை, உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று சுருக்கி 200-க்குக் கணக்கிடுகிறார்கள் என்பதை அந்த நிலையத்தில் யாரும் எங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. பள்ளித் தேர்வை இரண்டாம்பட்சமாக வைத்துவிட்டு நீட் தாள்களையே திருப்பித் திருப்பிச் செய்ததில், அந்தக் கணக்கில் அவளுக்கு 181 வந்தது, இடம் கிடைக்கவில்லை. நீட் மதிப்பெண்ணும் போதவில்லை. வீட்டில் சும்மா இருந்து மறுபடி எழுதட்டும் என்று சொல்ல அவள் அம்மைக்கு மனம் வரவில்லை. நம் குமரி மாவட்டத்தில் பெண்பிள்ளை ஒரு வருடம் வீட்டிலிருந்தால் உறவுக்காரர்கள் கேட்கும் கேள்விகளைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே விலங்கியலில் சேர்த்தோம்.

முதல் நாள் நாங்கள் இருவரும் போனபோது மருத்துவர் கட்டணம் பற்றிப் பேசவே இல்லை. திண்ணையில் உட்கார வைத்து, மகளைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மக்களே, டாக்டருக்குப் படிக்க முடியல்லண்ணு வந்தியா, மாட்டு டாக்டர் ஆவணும்ணு வந்தியா?" அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தெரியல்ல சார்" என்றாள். "அப்போ ஒரு மாசம் துட்டு தர வேண்டாம். தெரிஞ்ச பெறவு தா" என்றார் அவர். இதை அவர் எல்லோரிடமும் கடைப்பிடிக்கிறார் என்பதைப் பின்னர் கண்டேன். அந்த ஒரு மாதத்துக்குள் இரண்டு மாணவர்கள் விலகிக்கொண்டார்கள்; அவர்களுடைய பெற்றோர் மருத்துவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

அதன் பிறகு பழைய சிலேட்டுப் பலகை ஒன்றை எடுத்து, எங்களுக்கு இருந்த வழிகளை எழுதிக் காட்டினார். மாநில இடங்கள் ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நிரப்பப்படுவதால், 181-ஐ 191 ஆக்குவதற்கு இனி எந்த உழைப்பும் உதவாது. மீதமுள்ள கதவு, 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீடு. அதை இந்தியக் கால்நடை மருத்துவக் குழு நீட் மதிப்பெண்ணை வைத்து நிரப்புகிறது. அந்தக் கதவைத் திறந்தால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற தமிழ்நாட்டுக் கல்லூரிகள் மட்டுமல்ல, வெளிமாநிலக் கல்லூரிகளும் விருப்பப் பட்டியலில் வந்துவிடும். கேரளத்தின் மண்ணுத்தி நமக்குக் கூப்பிடு தூரம் போலத் தோன்றினாலும், எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இருக்கும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அங்கே நுழைய இந்த ஒரு வழிதான் என்பதையும் சொன்னார். படிப்பு ஐந்தரை ஆண்டு, அதில் கடைசி ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. விலங்கியலில் ஓர் ஆண்டை விட்டுவிட்டுப் போனால் பட்டம் வாங்கும்போது கூடப் படித்தவர்களைவிட எத்தனை ஆண்டு பிந்தியிருப்பாள் என்பதைக்கூட எழுதிக் கூட்டிக் காட்டினார். ஒரு வருடத்துக்கு முன் 68,000 ரூபாய் கொடுத்தும் கிடைக்காத தெளிவு அந்த அரை மணி நேரத்தில் கிடைத்தது.

வகுப்பு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொழுவத்தில் தொடங்கும். முதல் வாரம் என் மகளின் கையில் ஸ்டெதஸ்கோப்பைக் கொடுத்து, கறவைப் பசுவின் இடப்பக்கத்தில் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே குழிந்திருக்கும் இடத்தில் வைத்துக் கேட்கச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் எத்தனை முறை சத்தம் எழுந்து அடங்குகிறது என்று எண்ண வேண்டும். அவளுக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, காய்ந்த தென்னோலையை முற்றத்தில் யாரோ மெல்ல இழுத்துப் போவது போல ஒரு சத்தம் நெருங்கி வந்து விலகிப் போனது என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். அசைபோடும் விலங்கின் பெருவயிறு அசையும் சத்தம் அது. நலமாக உள்ள மாட்டில் நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை கேட்கும். அதே மாட்டின் உடல் வெப்பத்தை எடுத்து 101.5 டிகிரி பாரன்ஹீட் என்று எழுதினாள். நமக்குக் காய்ச்சலாக இருக்கும் அளவு மாட்டுக்கு இயல்பானது என்பது அன்றைக்கு மனத்தில் பதிந்தது. ஒன்பது மணிக்குத் திண்ணைக்கு வந்து கைகால் கழுவி உட்கார்ந்த பிறகு, அந்தப் பெருவயிற்றுக்குள் மீத்தேன் உண்டாக்கும் தொல்நுண்ணுயிர்களைப் பற்றிப் பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும் இடத்தை எடுத்து ஒரு மணி நேரம் பேசினார். தேர்வில் அந்த வரியிலிருந்து கேள்வி வந்தால் என் மகளுக்கு அது மனப்பாட விடையாக இராது.

இந்த வகுப்பில் நான் நேரில் பார்த்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்து வரப் போயிருந்தேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும். பக்கத்து ஊரிலிருந்து ஓர் ஆட்டோவில் இரண்டு வெள்ளாடுகளைக் கொண்டு வந்தார்கள். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) பிடுங்கிய விளையில் ஆடுகளை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். வெட்டிப் போட்டிருந்த கொழுந்து இலையையும் தண்டையும் வயிறு முட்டத் தின்றுவிட்டன. ஒன்று ஆட்டோவிலேயே செத்துப்போயிருந்தது. மற்றது வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, கால்களை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தது. மருத்துவர் அதன் கீழ் உதட்டை இழுத்து ஈறுகளை மாணவர்களுக்குக் காட்டினார். மூச்சு முட்டும் ஆட்டின் ஈறு நீலம் பாரிக்க வேண்டும், ஆனால் அது செக்கச்செவேல் என்றிருந்தது. கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றியபோது சிரிஞ்சுக்குள் ஏறிய இரத்தமும் அதே சிவப்பு. சோடியம் தயோசல்பேட் கரைசலை மெதுவாகச் செலுத்திக்கொண்டே, "சிரை இரத்தம் ஏன் மக்களே இப்படிச் செவந்திருக்கு?" என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஆடு எழுந்து நிற்க முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவரும் வேறொன்றும் சொல்லவில்லை.

ஆட்டுக்காரர் போன பிறகுதான் பலகைக்கு வந்தார். மரச்சீனி இலையில் உள்ள சேர்மம் ஆட்டின் பெருவயிற்று நுண்ணுயிர்களால் உடைந்து சயனைடை வெளிவிடுகிறது. மனிதனைவிட அசைபோடும் விலங்குகளுக்கு இந்த நஞ்சு விரைவில் ஏறுவதற்குக் காரணம் அதுதான். சயனைடு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியின் கடைசி நொதியான சைட்டோகுரோம் ஆக்சிடேசைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கிறது, ஆனால் செல்களால் அதைப் பயன்படுத்த முடியவில்லை; பயன்படாத ஆக்சிஜன் சிரை இரத்தத்திலும் அப்படியே திரும்புவதால்தான் அந்தச் சிவப்பு. தயோசல்பேட் தன்னிடமுள்ள கந்தகத்தைக் கொடுத்துச் சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றுகிறது. அது சிறுநீரில் போய்விடும். ரப்பர் இலையிலும் இதே ஆபத்து உண்டு என்பதால் நம் மாவட்டத்தில் ஆடு மாடு வளர்ப்பவர் எல்லோரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். செல் சுவாசம் என்ற பாடத்தை முந்தைய ஆண்டு பயிற்சி நிலையத்தில் என் மகள் மூன்று முறை படித்திருக்கிறாள், மூன்று முறையும் மறந்திருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதை அவள் மறுபடி படிக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில், "அப்பா, தெரிஞ்சு போச்சு" என்று மட்டும் சொன்னாள். எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கட்டணத்தை ஒரு மாதம் முடிந்ததுமே கொடுக்கத் தொடங்கியிருந்தோம் என்றாலும், முதல் நாள் திண்ணையில் கேட்ட கேள்விக்கு அன்றைக்குத்தான் விடை வந்தது.

நம் சேர்க்கை முறையில் விண்ணப்பிக்கும் பிள்ளை ஒரு மாட்டைத் தொட்டிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மாநில இடமோ அகில இந்திய இடமோ, மதிப்பெண் ஒன்றே பேசுகிறது. அமெரிக்கா போன்ற நாடுகளில் முதலில் ஒரு பட்டப்படிப்பில் வேண்டிய பாடங்களைப் படித்து, கால்நடை மருத்துவரோடு பல நூறு மணி நேரம் கூட இருந்ததற்கான சான்றையும் பரிந்துரைக் கடிதங்களையும் சேர்த்துக் கொடுத்தால்தான் விண்ணப்பமே எடுபடும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவேதான் ரத்தத்தையும் சாணத்தையும் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய்ப் பார்த்து மிரளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த மருத்துவர் அந்தக் கேள்வியைத் தாமாகவே முன்கூட்டிக் கேட்கிறார் என்பதுதான் இந்த வகுப்புக்கு நான் கொடுக்கும் முதல் மதிப்பு.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இயற்பியல் இங்கே போதவே போதாது. நீட் தேர்வின் 180 கேள்விகளில் 45 இயற்பியல். 720-இல் 180 மதிப்பெண். அதற்கு வாரத்தில் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி நேரம் மட்டும் ஒரு பொறியியல் பட்டதாரி வந்து போகிறார். அவர் அக்கறையானவர்தான், ஆனால் கணக்குகளைச் செய்து பழக நேரம் இல்லை. அக்டோபரிலேயே இதைக் கண்டு தக்கலையில் தனியாக மாதம் 2,000 ரூபாய்க்கு இயற்பியல் டியூஷன் வைத்தோம். வைக்காதிருந்தால் மற்ற பாடங்களில் ஏறிய மதிப்பெண் இங்கே கரைந்திருக்கும். வேதியியலை மருத்துவரின் மனைவி நடத்துகிறார். பள்ளியில் முதுகலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கரிம வேதியியலில் அவருடைய வகுப்புக்கு ஈடாக நான் விசாரித்தவரையில் வேறெங்கும் கேள்விப்படவில்லை.

மாதிரித் தேர்வுகளும் குறைவு. ஜனவரி வரை மாதம் ஒரு முழுத் தேர்வுதான் வைத்தார்கள். மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகளைப் படித்து, தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும் என்ற நினைவோடு எதை விடுவது என்று தீர்மானிப்பது தனிப் பழக்கம். உயிரியலைப் புரிந்துகொண்டால் மட்டும் அது வந்துவிடாது. இதைப் பெற்றோர் நான்கைந்து பேர் சேர்ந்து சொன்னோம். மருத்துவர் ஏற்றுக்கொண்டு பிப்ரவரியிலிருந்து வாரம் ஒரு தேர்வு வைத்தார். வரும் ஆண்டு நவம்பரிலேயே தொடங்கினால் நல்லது. நகல் எடுத்துத் தரும் வினாத்தாள்களில் படங்கள் தெளிவாக இல்லை. கண், செவி போன்ற படங்களில் குறிப்பு அம்பு எதைத் தொடுகிறது என்றே தெரியாத தாள்களைப் பார்த்தேன். இன்னொன்று, எங்காவது கன்று ஈன முடியாமல் பசு கஷ்டப்படுகிறது என்று போன் வந்தால் மருத்துவர் பாதி வகுப்பில் எழுந்து போய்விடுவார். இரண்டொரு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போவார், மற்றவர்கள் காத்திருப்பார்கள். போனவர்களுக்கு அது பெரும் பேறு. அருமனையிலிருந்தும் பேச்சிப்பாறையிலிருந்தும் பேருந்து மாறி வந்து காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அப்படியல்ல. அந்த நேரத்தில் செய்ய ஏதேனும் ஒரு பயிற்சித் தாளை ஆயத்தமாக வைத்திருக்கலாம்.

கல்லூரியில் படித்துக்கொண்டே இதைச் செய்வது பற்றி, இப்போது அதே நிலையில் இருக்கும் பெற்றோருக்காகச் சில வார்த்தைகள். விலங்கியல் முதலாம் ஆண்டுப் பாடம் நீட் உயிரியலின் விலங்கியல் பகுதிக்குக் கைகொடுத்தது. தாவரவியல் பகுதிக்கு உதவவில்லை. ஏப்ரலில் செமஸ்டர் தேர்வும் மே மாதத் தொடக்கத்தில் நீட் தேர்வும் ஒன்றையொன்று முட்டுகின்றன. அந்த ஆறு வாரம் என் மகள் சரியாகத் தூங்கவில்லை. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் கல்லூரியில் சேர்த்தது சரி என்றே நினைக்கிறேன்; இடம் கிடைக்காமல் போயிருந்தால் அவளுக்கு இரண்டாம் ஆண்டு காத்திருந்தது என்ற நிம்மதி தேர்வு அறையில் அவளோடு இருந்தது. ஒன்றில் மட்டும் முன்கூட்டியே விழிப்பாக இருங்கள்: மூலச் சான்றிதழ்கள் கல்லூரியில் இருக்கும். இடம் ஒதுக்கியதும் சேர வேண்டிய கெடு மிகக் குறுகியது. மாற்றுச் சான்றிதழைத் திரும்பப் பெற நாங்கள் மூன்று நாள் அலைந்தோம். கலந்தாய்வு தொடங்கும்போதே கல்லூரி அலுவலகத்தில் சொல்லி வைத்துவிடுங்கள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றில் உள்ள பெயர் எழுத்து ஒவ்வொன்றும் மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று மருத்துவரின் மனைவி டிசம்பரிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் சரிபார்த்தார். என் மகளின் தலைப்பெழுத்து ஒன்றில் மாறியிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார்.

கலந்தாய்வுக் காலத்தில் அவர்கள் தந்த துணையைக் கட்டணத்தில் அடக்க முடியாது. நீட் முடிவு வந்த வாரத்தில் வெளிமாநிலத்தில் இடம் வாங்கித் தருவதாக மூன்று தரகர்கள் எனக்குப் போன் செய்தார்கள். ஒருவர் முன்பணமாக இரண்டு லட்சம் கேட்டார். மருத்துவரிடம் சொன்னேன். அகில இந்திய ஒதுக்கீட்டில் எந்தத் தரகருக்கும் இடம் இல்லை, விருப்பப் பட்டியலை நீயே நிரப்பு என்று மகளைத் தம் மேசையில் உட்கார வைத்தார். ஒவ்வொரு கல்லூரியின் பெயரையும் சொல்லி, ரயிலில் எத்தனை மணி நேரம், எந்த மொழியில் விவசாயியிடம் பேச வேண்டியிருக்கும் என்பதையெல்லாம் கேட்டுக் கேட்டு வரிசைப்படுத்த வைத்தார். நீட் மதிப்பெண் முந்தைய முறையைவிட ஏறத்தாழ 130 கூடியிருந்தது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கிடைக்கவில்லை. பின்னர் நடந்த ஒரு சுற்றில் அண்டை மாநிலக் கல்லூரி ஒன்றில் கிடைத்தது. அவளோடு வகுப்புக்கு வந்த, ரப்பர் பால் வெட்டும் குடும்பத்துப் பையன் அந்த ஆண்டுதான் ப்ளஸ் டூ எழுதியவன். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் விண்ணப்பித்து, ராமையன்பட்டியில் உள்ள திருநெல்வேலிக் கல்லூரியில் சேர்ந்தான். அப்படி ஓர் ஒதுக்கீடு இருப்பதே அவன் வீட்டாருக்கு இந்தத் திண்ணைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், உயிரியலிலும் வேதியியலிலும் அடித்தளத்தை உறுதிப்படுத்த வேண்டியவர்களுக்கும், இந்தத் தொழில் தமக்கு ஒத்துவருமா என்று தெரியாமல் நிற்பவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். இயற்பியலில் பலவீனமானவர்கள் அதற்கு வேறு ஏற்பாடு செய்துகொண்டுதான் வர வேண்டும். எம்.பி.பி.எஸ். ஒன்றே குறி என்று இருப்பவர்களுக்கு இது நேர விரயமாகத் தோன்றும். மாதக் கட்டணம் 1,500 ரூபாய், முதல் மாதத்துக்கு எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடியும், சாணம் பட்டால் கவலைப்படாத ஒரு பழைய சட்டையும் வாங்கி வைத்துவிடுங்கள். தொழுவத்தில் தரை எப்போதும் ஈரம். திருவட்டாறு நிறுத்தத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்பே போய்விட்டால், பால் கறந்து முடியும் வரை மருத்துவர் உங்களோடும் பிள்ளையோடும் நிதானமாகப் பேசுவார்.